உங்களுக்குத் தெரியுமா? பரீட்சை ஹாலுக்குப் போகும் முன்…

● எட்டாம் வகுப்பில் எழுதும் ஒரே ஒரு தேர்வு உங்கள் பிள்ளைக்கு 48,000 ரூபாய் வாங்கித் தரும். என்.எம்.எம்.எஸ். என்று பள்ளிகளில் சொல்லும் தேசிய வருவாய்வழி, தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வுதான் அது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிறவர்கள் எனப் பலரும் இந்த வரம்புக்குள்தான் வருவார்கள். விஷயமே தெரியாமல் தேதி தாண்டிப் போவதுதான் வருத்தம். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து விடுங்கள்.

● என்.எம்.எம்.எஸ். தேர்வில் இரண்டு தாள். ஒன்று பாடப்புத்தகத்திலிருந்து. மற்றொன்று மனத்திறன். ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். 3, 6, 11, 18 என்று எண்களைக் கொடுத்து அடுத்தது என்ன என்பார்கள். வித்தியாசம் 3, 5, 7 எனக் கூடுவதைப் பிடித்துவிட்டால் 27 என்று பத்து நொடியில் போட்டுவிடலாம். இந்த வகைக் கணக்கை முதன்முதலாகத் தேர்வு அறையில் பார்க்கும் பிள்ளை, எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் திணறும். வீட்டிலேயே தினம் பத்துக் கணக்கு போட்டுப் பழக்குங்கள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பவும் பழக வேண்டும்: ஒரு கேள்வியைத் தாண்டி, அதன் வட்டத்தைத் தாண்ட மறந்தால் கீழே உள்ள அத்தனை விடையும் இடம் மாறிவிடும்.

● என்.எம்.எம்.எஸ். தேர்வில் தவறான விடைக்கு மார்க் குறையாது. ஒன்றையும் விடாமல் எழுதலாம். நீட் அப்படியில்லை. சரிக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும்.

● பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வில் காலை 10 மணிக்கு வினாத்தாள் கையில் வரும். 10.10 வரை படிக்க மட்டுமே. அடுத்த ஐந்து நிமிடம் விடைத்தாளின் முகப்பைச் சரிபார்க்க. எழுத ஆரம்பிப்பது 10.15க்கு. அந்தப் பத்து நிமிடத்தில் 'ஏதேனும்' என்று போட்ட பகுதிகளில் எதை எழுதுவது என்று முடிவெடுத்துவிட்டால் கடைசி நேரப் பதற்றம் பாதி குறையும்.

● குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பி.இ. சேர நுழைவுத் தேர்வு கிடையாது. 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையோடு போய்விட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50: இந்த 200தான் கட்-ஆஃப். கணிதத்தில் இரண்டு மார்க் போனால் கட்-ஆஃபிலும் இரண்டு போகும். இயற்பியலில் போனால் ஒன்றுதான்.

● பள்ளியில் திடீரென ஸ்லாஸ், பராக் என்று தேர்வு வைத்தால் பதற வேண்டாம். முன்னது மாநில அடைவு ஆய்வு, பின்னது தேசிய அளவிலானது. பிள்ளைக்குப் பாஸ், பெயில் எதுவும் இல்லை. வகுப்பறையில் கற்றல் எங்கே நிற்கிறது என்று அரசு அறிந்துகொள்ளவே இவை. இவற்றுக்காக டியூஷன் வைப்பது வீண் செலவு.

● மாநில முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017லேயே நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து பேனர்களில் மட்டும் அது இன்னும் தொடர்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகையில் அதைக் காட்டி ஒப்பிடாதீர்கள்.

● பிளஸ் டூவில் மார்க் குறைவாகத் தோன்றினால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பாட ஆசிரியரிடம் காட்டிய பிறகு மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று தீர்மானிக்கலாம். தவறியவர்களுக்குத் துணைத் தேர்வும் அதே ஆண்டில் உண்டு. கல்லூரி ஓராண்டு தள்ளிப் போக வேண்டியதில்லை.