பாறை ஏறும் சிறுவண்டி

விளையாட்டு மோட்டார் வண்டி ஒன்றைக் கண்டதும், "இஃது எவ்வளவு வேகமாக ஓடும்?" என்றே நாம் கேட்கிறோம். வேகமே வண்டிக்குச் சிறப்பு என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிப் போயிருக்கிறது. இவ்வெண்ணத்துக்கு மாறான வண்டி ஒன்று உண்டு. மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தை அது தாண்டுவதில்லை. பாறையின்மீது வேலை செய்யும்போதோ ஆமையினும் மெல்லச் செல்லும். ஆயினும், தன் சக்கரத்தின் உயரத்துக்கு நிற்கும் கல்லையும் அது ஏறிக் கடந்துவிடும். வானொலி அலைகளால் இயக்கப்படும் இச்சிறுவண்டிக்கு 'ராக் கிராலர்' என்று பெயர். பாறையில் தவழ்ந்து செல்வது என்பது இதன் பொருள்.

இவ்வண்டியை எவ்வாறு அமைப்பது, அமைத்தபின் எவ்வாறு செம்மைப்படுத்துவது என்பவற்றைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே கூறிவிடலாம். பாறை ஏறும் திறமைக்கு மோட்டாரின் பலம் முதற்காரணம் அன்று. எடை எங்கே அமைந்திருக்கிறது, சக்கரம் தரையை எவ்வாறு பற்றுகிறது என்னும் இரண்டுமே முதற்காரணங்கள். இவ்வுண்மையை எங்களுக்குக் கற்பித்தது, முறிந்துபோன ஓர் எஃகுத் தண்டு. அவ்வரலாற்றை உரிய இடத்தில் சொல்வோம்.

இவ்விளையாட்டின் பிறப்பிடம் அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி. கலிபோர்னியாவில், சியரா நெவாடா மலைத்தொடரின் ஊடே, ரூபிகான் என்னும் பாதை ஒன்று செல்கிறது. பெயருக்குத்தான் அது பாதை. வழியெங்கும் பெரும் பாறைகளே கிடக்கின்றன. 1953ஆம் ஆண்டில் ஜீப் வண்டிக்காரர்கள் பலர் திரண்டு அப்பாதையைக் கடந்தனர். பின்னர் அது ஆண்டுதோறும் நிகழும் விழாவாயிற்று. பெரிய வண்டிகளில் இவ்வாறு பாறை ஏறியவர்களைக் கண்டு, சிறு வண்டிகளை இயக்குவோருக்கும் ஆசை பிறந்தது. ஜப்பானிய டமியா நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'கிளாட் பஸ்டர்' என்னும் பெருஞ்சக்கர வண்டியைப் பிரித்து, அதன் உறுப்புகளைக் கொண்டு பாறை ஏறும் வண்டிகளைத் தாமே அமைத்துக்கொண்டனர் பலர். இன்று அத்தொல்லை இல்லை. ஆக்சியல், டிராக்சஸ் முதலிய நிறுவனங்கள் இதற்கென்றே வண்டிகளைச் செய்து விற்கின்றன. உண்மையான வண்டியில் பத்தில் ஒரு பங்கு என்பதே பெரும்பாலோர் கொள்ளும் அளவு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ 31 சென்டிமீட்டர் இருக்கும். எடை இரண்டரை அல்லது மூன்று கிலோகிராம்.

வண்டியின் உறுப்புகளை இனிக் காண்போம். முதலில் அதனை ஆளும் வானொலி அலை. அமெரிக்காவில் நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர், 1898ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்தில் மக்கள் கண்முன்னே ஒரு சிறு படகைக் கம்பியில்லா அலைகளால் இயக்கிக் காட்டினார். நம் சிறுவண்டி அப்படகின் பரம்பரையைச் சேர்ந்தது. வானொலிப் பேச்சை இல்லங்களுக்குக் கொண்டுவரும் அலைகளும் வண்டியை இயக்கும் அலைகளும் ஒரே இனத்தவை, நீளத்தில்தான் வேற்றுமை. மத்திய அலை ஒலிபரப்பில் ஓர் அலையின் நீளம் சில நூறு மீட்டர் ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் நம் வண்டிக்கு வரும் அலையின் நீளமோ பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். இவ்வலைவரிசையில் குறைந்த சக்தியுள்ள கருவிகளை உரிமம் பெறாமலே பயன்படுத்தலாம் என்று 2005இல் இந்திய அரசு விதி வகுத்தது.

கையில் உள்ள டிரான்ஸ்மிட்டர் ஆணையை அனுப்புகிறது. வண்டியில் உள்ள ரிசீவர் அதைப் பெற்று இரண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒரு பகுதி, முன் சக்கரங்களைத் திருப்பும் சர்வோ என்னும் கருவிக்குச் செல்கிறது. மற்றொரு பகுதி, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவிக்குச் செல்கிறது. பாறை ஏறும் வண்டியில் இக்கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரு சிறப்புக் கடமை உண்டு. விசையிலிருந்து விரலை எடுத்தவுடன் அது மோட்டாரைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல், பாதிச் சரிவில் நின்று சிந்திக்க விரும்பும் நம்மைக் கேளாமலே வண்டி பின்னோக்கி உருண்டுவிடும்.

மோட்டாரின் வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்குவது பற்சக்கரங்களின் வேலை. ஒரு கணக்கைப் பார்ப்போம். மோட்டார் நிமிஷத்துக்கு 12,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். அது நாற்பது முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலுமாறு பற்சக்கரங்களை அமைத்தால், சக்கரம் நிமிஷத்துக்கு 300 முறை சுழலும். டயரின் விட்டம் 12 சென்டிமீட்டர் எனில், அதன் சுற்றளவு ஏறத்தாழ 38 சென்டிமீட்டர். ஆகவே வண்டி நிமிஷத்துக்கு 114 மீட்டர், அதாவது மணிக்கு ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செல்லும். வேகம் நாற்பதில் ஒரு பங்காகக் குறையும்போது, உராய்வில் இழப்பதுபோக, சுழற்றும் விசை நாற்பது மடங்கை நெருங்கிப் பெருகுகிறது. எனவே சிறிய மோட்டாரே போதுமானது. மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது கம்பிச் சுற்றுகள் மிகுதியாக உள்ளதையே நாடுதல் நன்று. 55 சுற்றுடைய மோட்டார் 35 சுற்றுடையதைக் காட்டிலும் மெதுவாகச் சுழலும். ஆனால் விசையை மெல்ல அழுத்தும்போது துள்ளாமல் நிதானமாகப் புறப்படும்.

அடுத்து அச்சு. சாலையில் ஓடும் மோட்டார் வண்டியின் அச்சில் 'டிபரன்ஷியல்' என்னும் அமைப்பு உண்டு. வளைவில் வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிக தூரம் செல்ல வேண்டியிருப்பதால், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவது அதன் பயன். பாறையில் இதுவே கேடாக முடிகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது மட்டும் வீணே சுழலும். தரையைப் பற்றிய சக்கரம் அசையாமல் நிற்கும். ஆகையால் நம் வண்டியில் இரு சக்கரங்களையும் ஒன்றாகவே சுழலுமாறு பூட்டிவிடுகிறோம். இதற்கு நாம் கொடுக்கும் விலை, வண்டி திரும்புவதற்கு அதிக இடம் தேவைப்படுவதே.

டயரின் பங்கு இவை எல்லாவற்றினும் பெரிது. கெட்டியான டயர் பாறையின் முகட்டில் ஒரு புள்ளியில் மட்டுமே நிற்கும். மென்மையான ரப்பர் டயரோ முகட்டின்மீது படிந்து அதனைத் தழுவிக்கொள்ளும். இச்சிறு டயர்களில் காற்றை அடைத்து வைப்பதில்லை. உள்ளே பஞ்சு போன்ற நுரை ரப்பர் வளையம் இருக்கும். டயர் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற ஒரு சிறு துளையும் இருக்கும். நுரை வளையம் மிகக் கெட்டியாக இருந்தால் டயர் படியாது; மிக மென்மையாக இருந்தால் பக்கவாட்டில் மடிந்து வண்டியைச் சாய்த்துவிடும். இரண்டுக்கும் நடுவே உரிய பதத்தை நாமே சோதித்து அறிதல் வேண்டும்.

இனி முறிந்த தண்டின் கதைக்கு வருவோம். நாங்கள் முதன்முதலில் அமைத்த வண்டியைச் சரிவான ஒரு கருங்கல் பலகையில் ஏற்றினோம். பாதி தூரம் ஏறியதும் முன் சக்கரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. வண்டி மல்லாந்து விழுந்தது. பத்து முறை ஏற்றினோம். பத்து முறையும் விழுந்தது. பலம் போதவில்லை என்று முடிவு செய்து, பெரிய மோட்டார் ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். பாட்டரியையும் மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டினோம். அடுத்த நாள் முன் சக்கரம் ஒன்று இரு கற்களின் இடுக்கில் சிக்கிக்கொண்டது. பலம்தான் இருக்கிறதே என்று விசையை அழுத்தினோம். அச்சுக்குள் இருந்த எஃகுத் தண்டு முறுக்கிக்கொண்டு முறிந்துவிட்டது.

புதுத் தண்டைப் பொருத்தியபோது பழைய மோட்டாரையும் பழைய பாட்டரியையுமே திரும்ப வைத்தோம். எங்கள் நண்பர் ஒருவர், வண்டியின் பின்புறத்தில் இருந்த பாட்டரியைக் கழற்றி, முன் அச்சின் பக்கத்தில் ஒரு நாடாவால் கட்டினார். செலவு ஏதும் இல்லை. வண்டி அதே பலகையில் முதல் முயற்சியிலேயே ஏறியது.

காரணம் எளிய பௌதிகமே. வண்டியின் எடை இரண்டரை கிலோகிராம். பாட்டரியின் எடை 300 கிராம். பாட்டரியை 25 சென்டிமீட்டர் முன்னே தள்ளினால், வண்டியின் எடைமையம் 3 சென்டிமீட்டர் முன்னே வரும். எடைமையம் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளதாகவும், பின் அச்சிலிருந்து அதன் தூரம் முன்பு 14 சென்டிமீட்டராகவும் பின்பு 17 சென்டிமீட்டராகவும் இருப்பதாகக் கொள்வோம். 45 பாகைச் சரிவில், பாறையை அழுத்தும் மொத்தப் பாரத்தில் முன் சக்கரங்களுக்குக் கிடைக்கும் பங்கு முன்பு நூற்றுக்குப் பதினாறு. பின்பு நூற்றுக்கு இருபத்தாறு. அழுத்தம் மிகுந்த இடத்திலேயே பிடிப்பும் மிகும். சரிவு ஏற ஏற எடை தானாகவே பின்னோக்கிச் சாய்வதால், சமதரையில் நிற்கும்போதே நூற்றுக்கு அறுபது பங்கு எடை முன் சக்கரங்களின்மேல் இருக்குமாறு அமைப்பது வழக்கம். இதற்காக முன் சக்கரங்களின் உள்ளே பித்தளை வளையங்களைப் பொருத்துவோரும் உண்டு. சக்கரத்தில் ஏற்றும் பாரம் தாழ்வாக இருப்பதால் வண்டியைக் கவிழ்க்காது. ஆனால் வண்டியின் கூரைமேல் விளக்குகளும் தண்ணீர்ப் பீப்பாய்களும் மாற்றுச் சக்கரமும் வைத்து அழகு பார்ப்பவர்கள், ஒவ்வோர் அணியும் எடைமையத்தை மேலே தூக்குகிறது என்பதை மறத்தல் கூடாது.

செம்மைப்படுத்தும் வேலையில் அடுத்தது அதிர்ச்சி தாங்கிகள். இவற்றின் ஸ்பிரிங்குகள் மென்மையாக இருக்க வேண்டும். வண்டியைத் தரையில் வைத்தவுடன் அது தன் எடையாலேயே ஓரளவு அமுங்கி நிற்க வேண்டும். அப்பொழுதுதான் பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடும். ஆயினும் மென்மை அளவு மீறினால் வேறொரு குறை தோன்றும். விசையை அழுத்தும்போது, சுழலும் தண்டின் எதிர்விசையால் வண்டியின் உடல் ஒரு பக்கமாகச் சாயும். அவ்வாறு சாய்ந்தால் சற்றுக் கெட்டியான ஸ்பிரிங்கை நாட வேண்டும்.

சோதனைக்கு ஒரு மரப்பலகை போதும். வண்டியைப் பலகையில் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்த வேண்டும். மேற்பக்கத்துச் சக்கரங்கள் எழும்பும் கோணத்தை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு மாற்றம் செய்து மீண்டும் அளக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும் என்பது மிக முக்கியமான விதி. ஸ்பிரிங்கையும் டயரையும் பாரத்தையும் ஒரே நாளில் மாற்றியவர், வண்டி நன்றாக ஏறினாலும் எதனால் ஏறியது என்று அறியமாட்டார்.

பாட்டரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். இவ்வண்டிகளில் பெரும்பாலும் லித்தியம் பாலிமர் பாட்டரியையே பயன்படுத்துகிறார்கள். இதில் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. இவ்வரம்பை மீறினால் கலம் கெடும். மிகையாக மின்னேற்றினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே இவ்வகைப் பாட்டரிக்கென அமைந்த மின்னேற்றும் கருவியையே பயன்படுத்த வேண்டும். மின்னேறும்போது அருகிலேயே இருக்க வேண்டும். இரவில் ஏற்றிவிட்டு உறங்கச் செல்லுதல் ஆகாது. உப்பிய பாட்டரியை ஒரு நாளும் மீண்டும் பயன்படுத்தலாகாது. சில நாள் பயன்படுத்தாமல் வைப்பதாயின், கலத்துக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பது நலம். சிறுவர்கள் பெரியோரின் மேற்பார்வையிலேயே இவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

வண்டியை ஓட்டுவதற்கு நல்ல பாறையைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வீடு கட்ட வந்து மிஞ்சிய கருங்கற்களைக் குவித்தாலே ஒரு மலைத்தொடர் தயார். கல்வெட்டும் பழஞ்சிற்பமும் உள்ள பாறைகளை மட்டும் விட்டுவிட வேண்டும். அவை விளையாடும் இடங்கள் அல்ல.

வண்டி நின்றுவிட்டால் விசையை மேலும் அழுத்துவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை அடக்கிக்கொண்டு சற்றுப் பின்வாங்கி, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் நிற்கிறது என்று குனிந்து பார்த்து, ஒரு விரற்கடை இடமோ வலமோ திருப்பி மீண்டும் ஏற்றுகிறவரே இவ்வண்டியை ஓட்டத் தெரிந்தவர். எங்கள் பெரிய மோட்டார் இன்றும் பெட்டியிலேயே இருக்கிறது. அதன் அருகில் முறிந்த தண்டையும் எடுத்து வைத்திருக்கிறோம். புதிதாக வண்டி அமைக்க வரும் இளைஞர்களிடம் முதலில் அத்தண்டைக் காட்டி, அதன் பிறகே திருகாணி முடுக்கியைக் கையில் கொடுக்கிறோம்.