பம்பரின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா?

டப்!

அந்தச் சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. ஏதோ ஒடிந்தேவிட்டது என்று கையை எடுத்துவிட்டேன். சித்தப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது லாக் விடுற சத்தம் பாப்பா. பயப்படாம இழு, இன்னும் நாலு டப் வரும்" என்றார். வந்தது! கடைசி டப்போடு பின்பக்கத்துப் பம்பர் முழுசாக எங்கள் கைக்கு வந்துவிட்டது. ஒரு முனையில் நான், மறுமுனையில் அவர். எவ்வளவு லேசு தெரியுமா! ஒரு குடம் தண்ணீர் தூக்குகிற பாரம்கூட இல்லை.

சேலத்தில் சித்தப்பா வீட்டு போர்ட்டிகோ. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. காரைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணின் முனை பட்டு, பம்பரின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியிருந்தது. அதன் ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். புதுசே போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சித்தப்பாதான் விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது பொழைச்சுக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பம்பர் கழன்றதும் கார் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பம்பர் என்று கை வைத்துச் சொல்வது வெறும் சட்டைதான்! அதற்குள்ளே தெர்மாகோல் போல ஒரு நீளக் கட்டி இருந்தது. அழுத்தினால் அமுங்கி மறுபடி எழுகிறது. அதற்கும் பின்னால் காரின் உடம்போடு போல்ட் போட்ட இரும்புச் சட்டம். மோதலின் வேகத்தைக் கட்டி நசுங்கி வாங்கிக்கொள்ளும், மிச்சத்தைச் சட்டம் தாங்கும். கழற்றியதும் சித்தப்பா முதலில் பார்த்தது விரிசலை அல்ல, அந்தச் சட்டத்தை. ஒரு நூலைப் பிடித்து நேர் பார்த்தார். "இது வளைஞ்சிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேன், நேரா ஒர்க்ஷாப்புதான்." நூல் நேராக நின்றது. எனக்குக் கை தட்டத் தோன்றியது.

இரண்டு நாற்காலிகளின் மேல் பழைய போர்வையை விரித்து, பம்பரைக் குப்புறப் போட்டோம். அங்கேதான் நான் விழுந்தேன். இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் கார்களின் பின்னால் சிக்னலில் நின்றிருப்பேன், ஒன்றின் முதுகைக்கூடப் பார்த்ததில்லையே! வெளியே வெள்ளிச் சாயம் மின்ன, உள்ளே மங்கலான கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவே ஓர் அம்புக்குறி. கடிகாரமா என்றேன். "பொறந்த தேதி" என்றார் சித்தப்பா. அம்பு காட்டுவது வார்த்த மாதம், நடுவில் அம்போடு இருக்கும் எண் வருஷம். ஒவ்வொரு பம்பரும் தன் ஜாதகத்தை முதுகிலேயே சுமந்துகொண்டு ஓடுகிறது!

பக்கத்தில் இன்னொரு எழுத்து வரிசை: பிபி+ஈபிடிஎம்-டிடி20. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். ஈபிடிஎம் ஒரு வகை ரப்பர். தட்டினால் நொறுங்காமல் வளைந்து கொடுப்பது அதனால்தான். டிடி20 என்பது நூற்றுக்கு இருபது பங்கு டால்க். ஆமாம், முகத்துக்குப் போடும் பவுடரில் சேர்ப்பார்களே, அதே கல்மாவுதான்! வெயிலில் தொய்ந்துவிடாமல் விறைப்பாக நிற்பதற்காக அதைக் கலக்கிறார்கள். அம்பாசடரின் பளபள இரும்பு பம்பரைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்திய காலம் போய், டிங்கர் கடைக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இந்த எழுத்தைப் படிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 1972-ல் பிரான்சின் ரெனோ 5 பிளாஸ்டிக் பம்பரோடு தெருவுக்கு வந்ததிலிருந்து தொடங்கிய மாற்றம் அது.

இனி பள்ளம். சித்தி அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பிளாஸ்டிக் உருகிவிடாதா? உருகாது! பாலிபுரொப்பிலீன் உருக 160 டிகிரி வேண்டும், தண்ணீர் 100-ஐத் தாண்டாது. இளகும், அவ்வளவுதான். நிதானமாக ஊற்றிக்கொண்டே கையுறை போட்ட கையால் உள்பக்கத்திலிருந்து சித்தப்பா அழுத்தினார். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பொளக்கென்று பள்ளம் வெளியே வந்து, தூண் இடித்த அடையாளமே தெரியாமல் வளைவு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. உடனே ஒரு மக் பச்சைத் தண்ணீர், வடிவம் அப்படியே நிற்பதற்கு. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்தார்.

விரிசல் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காயவைத்து, விரிசலின் நுனியில் மூன்று மில்லிமீட்டரில் ஒரு சின்னத் துளை போட்டார். கிழிசலை நிறுத்தத் துளையா! விரிசலின் இழுவிசை முழுவதும் கூர்முனையில்தான் குவியும். வட்டத்துளையில் அது பரவி அடங்கிவிடும், விரிசல் மேலே ஓடாது. முன்பக்கம் டேப் ஒட்டி இரண்டு விளிம்பையும் நேராகச் சேர்த்துவிட்டு, பின்பக்கம் எவர்சில்வர் கம்பி வலையில் ஒரு துண்டை வைத்துச் சால்டரிங் ராடால் அழுத்தினார். வலை மெல்ல மெல்லப் பிளாஸ்டிக்குக்குள் மூழ்கியது, சூடான நெய்யில் முந்திரி அமிழ்வது போல. மெழுகுவத்தி அணைத்த மணம் வந்தது. "இந்த வாசம் வந்தா பிபிதான்" என்றார். போர்ட்டிகோ திறந்த இடம்தான், மூக்கில் முகமூடியும் இருந்தது.

மேலே ஊற்றி நிரப்பப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஓர் உடைந்த பம்பர் துண்டு வாங்கி வைத்திருந்தார். அதே எழுத்து அச்சடித்த துண்டு! கத்திரித்த கீற்றை உருக்கி உருக்கி, முன்பக்கம் சீவி எடுத்த பள்ளத்தில் இழைத்தார். அப்போதுதான் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. சின்ன வயதில் தெருவுக்கு வருவாரே, பிளாஸ்டிக் குடத்தின் ஓட்டை அடைக்கிறவர்! பையில் விதவிதமான உடைந்த குடத்துண்டுகள், கரி அடுப்பில் காயும் கம்பி. நம் குடத்தைத் தட்டிப் பார்த்து, அதற்கு ஏற்ற துண்டைத்தான் எடுப்பார். அதே ரகம்தான் அதே ரகத்தோடு ஒட்டும். சித்தப்பாவிடம் சொன்னேன். ராடை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "அவர்கிட்டதான் பாத்துக் கத்துக்கிட்டேன். திண்ணையில உக்காந்து மணிக்கணக்கா பாப்பேன்."

தேய்ப்பதில் ஒரு சூட்சுமம். உப்புத்தாளை வேகமாக ஓட்டினால் இந்தப் பிளாஸ்டிக் சூடேறிப் பஞ்சு பஞ்சாக நூல் விடும். நான் ஓட்டினேன், விட்டது! பிறகு மெதுவாக, 180 நம்பர் தாளில் ஆரம்பித்து 400 வரை. சாயமும் மேடுபள்ளம் நிரப்பும் பட்டியும் இந்த ரகத்தில் தானாக ஒட்டாது, பம்பரில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருள்வதைப் பார்த்தாலே தெரியும். அதனால் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள பிரைமர் முதலில், அப்புறம் வளைந்து கொடுக்கும் பட்டி, மறுபடி பிரைமர். சாயத்தின் நம்பர் காரிலேயே ஒரு சின்னத் தகட்டில் இருந்தது. கடைசிப் பளபளப்புக்கு மட்டும் அவர் தெரிந்த பெயிண்டரிடம் கொடுத்துவிட்டார். இரண்டு டப்பாக் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலுக்கு ஆகாது, நம் துணி முகமூடியெல்லாம் அதற்குப் போதாது.

அடுத்த ஞாயிறும் போனேன், மாட்டுவதைப் பார்க்காமல் எப்படி! மாட்டுவதற்கு முன் ஒருமுறை குப்புறத் திருப்பச் சொன்னேன். எவர்சில்வர் வலை கறுப்புக்குள் சல்லடைபோல லேசாகத் தெரிந்தது. சித்தப்பா மார்க்கரை எடுத்து, அந்தப் பிறந்த தேதி வட்டத்துக்குப் பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினார். பிறகு ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கி, காரின் உடம்பில் வைத்து உள்ளங்கையால் தட்டினோம்.

டப். டப். டப். டப். டப்!