பாஸ் வியூகமும் விளக்கக் கட்டுரையும்: கைப்பேசிக் காற்பந்திலிருந்து ஒரு பயிற்சி

கேமரன் மலையில் சமதளம் குறைவு. ரிங்லெட்டிலிருந்து சுங்கை பாலாஸ் வரை தேயிலை சரிவில்தான் வளர்கிறது. மாலையில் மழையோ மூடுபனியோ இறங்கிவிட்டால் திடலில் பந்து உதைக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கைப்பேசியில் ‘ஈஃபுட்பால்’ ஆடுகிறார்கள். அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், “எனக்கு என்னா சார் தெரியும், எழுதுறதுக்கு?” என்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு நிறையவே தெரியும். தெரிந்ததை வரிசைப்படுத்திச் சொல்லத்தான் பழக்கமில்லை. பாஸ் வியூகம் ஒன்றை எப்படி அமைப்பது என்பதையே எடுத்துக்காட்டாக வைத்து அந்த வரிசையைப் பார்ப்போம்.

ஆசிரியர்களுக்கு ஓர் அறிமுகம்

ஈஃபுட்பால், ஜப்பானின் கொனாமி நிறுவனம் வெளியிடும் விளையாட்டு. ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ என்று முன்பு வந்ததுதான் 2021-இல் பெயர் மாறி, இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. ‘மேடன்’ போன்ற அமெரிக்கக் கால்பந்து விளையாட்டுகளில் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஆட்டம் நிற்கும். யார் எந்த வழியில் ஓட வேண்டும் என்று அங்கே கோடு போட்டே தீர்மானிக்கலாம். நம் காற்பந்தில் ஆட்டம் நிற்பதில்லை. அதனால் பந்து போகும் வழியை முன்கூட்டியே வரைய முடியாது. அந்த வழி திறக்கும்படி ஆட்களை அமைத்து வைக்கலாம். இதற்கு நான்கு படிகள் உள்ளன.

1. இடம்: முதலில் வியூகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4-3-3 என்றால் தற்காப்பில் நால்வர், மத்தியத் திடலில் மூவர், தாக்குதலில் மூவர். பந்து யாரிடம் இருந்தாலும் அருகில் இருவர் இருந்தால் ஒரு முக்கோணம் அமையும். ஒருவரை எதிரணி மறைத்தாலும் மற்றவருக்குப் பந்தைக் கொடுக்கலாம்.

2. பாணி: அணி முழுவதற்கும் ஐந்து ஆட்டப் பாணிகள் உண்டு. பந்தைத் தக்கவைத்து ஆடுவது, பந்து கிடைத்ததும் விரைந்து தாக்குவது, பின்வாங்கித் தடுத்து நெடும் பாஸில் தாக்குவது, பக்கவாட்டில் விரிந்து ஆடுவது, நெடும் பாஸையே நம்பி ஆடுவது. எந்தப் பாணி கைகொடுக்கும் என்பது பயிற்றுநரைப் பொறுத்தது. ஒவ்வொரு பாணியிலும் அவருக்குள்ள தேர்ச்சியை விளையாட்டு எண்ணாகக் காட்டும்.

3. தனியாள் கட்டளை: சில ஆட்டக்காரர்களுக்குத் தனிக் கட்டளை தரலாம். எடுத்துக்காட்டாக, ஒரு தாக்குதல் ஆட்டக்காரரைத் தற்காப்புக்குத் திரும்பாமல் முன்னாலேயே நிற்கச் செய்யலாம். பந்து நம் வசமானதும் பாஸ் கொடுக்க மேலே ஓர் ஆள் தயாராக இருப்பார். ஆனால் தற்காப்பில் ஓர் ஆள் குறையும். இந்த இழப்பையும் சொன்னால்தான் விளக்கம் முழுமை பெறும்.

4. பாஸ் வகை: தரைப் பாஸ், இடைவெளிப் பாஸ், உயரப் பாஸ் என மூன்று. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தரைப் பாஸ் திறனும் உயரப் பாஸ் திறனும் தனித்தனி எண்களாக இருக்கும். உயரப் பாஸ் திறன் குறைந்தவரை வைத்து நெடும் பாஸ் ஆடினால் பந்து எதிரணியிடம் போய்ச் சேரும்.

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்றி, ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

தேர்வில் எழுதும்போது

மாணவர்களே, விடைத்தாளைத் திருத்துபவர் இந்த விளையாட்டைப் பார்த்தே இருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு எழுதுங்கள். நண்பனிடம், “மிட்ஃபீல்டர கொஞ்சம் கீழ போட்டு த்ரூ அடிச்சா கோல்தான்டா” என்றால் அவனுக்குப் புரிந்துவிடும், ஏனென்றால் மீதியை அவனே நிரப்பிக்கொள்வான். திருத்துபவரால் அது முடியாது. அதையே இப்படி எழுதலாம்:

“மத்தியத் திடல் ஆட்டக்காரரைச் சற்றுப் பின்னால் நிறுத்த வேண்டும். அப்போது அவரைத் தடுக்க எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரர் முன்னேறி வரக்கூடும். அவர் விட்டு வந்த இடைவெளியில் பந்தை அனுப்பினால், நம் தாக்குதல் ஆட்டக்காரர் ஓடிச்சென்று பெறலாம்.”

முதல் வாக்கியம் செயல், இரண்டாவது விளைவு, மூன்றாவது பயன். ‘அப்போது’, ‘ஆகவே’, ‘இல்லையெனில்’ போன்ற சொற்கள் இவற்றை இணைக்கும். விளையாட்டின் பெயர், ‘பாஸ்’, ‘கோல்’ போன்றவை அப்படியே இருக்கட்டும். மற்றவற்றுக்கு நம் நாளேடுகளின் விளையாட்டுப் பக்கத்தில் வரும் சொற்களே போதும்.

ஒற்றையும் கவனியுங்கள். ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும். ‘ஆட்டக்காரருக்குப் பந்தைக் கொடுத்தார்’ என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டும் வருகின்றன. காற்பந்துக் கட்டுரையில் இந்த இடங்கள் அடிக்கடி வரும் என்பதால், இதில் விட்டால் பல இடங்களில் பிழை சேரும்.

வகுப்பறைப் பயிற்சி

இந்த விளையாட்டை ஆடும் மாணவர் ஒருவர், தம் பாஸ் வியூகத்தை ஒரு பத்தியில் எழுதட்டும். ஆடாத மாணவர் அதைப் படித்து, தாளில் திடல் வரைந்து ஆட்களையும் பந்து போகும் வழியையும் குறிக்கட்டும். எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. படம் எங்கே தவறுகிறதோ, அங்கேதான் பத்தியில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அதைச் சேர்த்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் தலைப்பை மாற்றலாம். கொழுந்து தொழிற்சாலைக்கு வந்தபின் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம் பிரித்தல் என்று தேயிலையாகும் முறையும் இதே வரிசையில் அடங்கும். தோட்டத்து வீடுகளில் அதை விளக்கிச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்; எழுத ஒன்றும் இல்லை என்ற பேச்சு குறையும்.