லயத்து வாசலில் சிவப்பு ரோசா

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் பாதையோர லயங்களின் வாசலைக் கவனித்திருப்பார்கள். பழைய பெயின்ட் வாளி, ஓட்டை விழுந்த குடம், எண்ணெய்த் தகரம் என்று ஏதோ ஒன்றில் ஒரு ரோசாச் செடி நிற்கும். பெரும்பாலும் சிவப்பு. வாசலுக்கும் கானுக்கும் இடையில் இரண்டு முழ மண் சும்மா கிடந்தாலும் செடி வாளியில்தான் இருக்கும்.

அந்த மண் தோட்டத்துடையது. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்து, 150,000 பேரின் விடயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தது. ஒரு ரோசாச் செடியை ஒழுங்காக நட்டால் பத்து, பதினைந்து வருடம் பூக்கும். அடுத்த வருடம் எந்த நாட்டில் இருப்போம் என்று தெரியாத குடும்பம் அதைத் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வாளியில் வைத்ததில் ஆச்சரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்கள் ஓரளவு இருக்கிறார்கள். 7 பேர்ச் காணி என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. இந்திய உதவியில் கட்டிய 550 சதுர அடி வீட்டைக் கழித்து, மலசலகூடம், படிக்கட்டு, சரிவு, கான் எல்லாவற்றையும் கழித்தால் முன்புறத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மிஞ்சும். மரக்கறிக்கு அது போதாது. நாலைந்து சிவப்பு ரோசாவுக்கு ஏராளம்.

எந்த ரோசா என்பதுதான் முதல் கேள்வி. பூங்கன்று விற்கும் இடங்களில் கண்ணில் படுவது நீண்ட காம்பில் ஒற்றைப் பெரிய பூ பூக்கும் ரகம். ஆங்கிலத்தில் அதற்கு ஹைப்ரிட் டீ என்று பெயர். சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பழைய ரோசாக்கள் சிலவற்றில் தேயிலை வாசம் இருந்ததால் 'டீ' ஒட்டிக்கொண்டது. அந்த இனத்தின் முதற் செடி என்று சொல்லப்படும் 'லா பிரான்ஸ்' வெளிவந்த வருடம் 1867. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான்.

ஆனால் சின்ன முற்றத்துக்கு அந்த ரகம் சரிவராது. உயரமாக வளரும், கீழ்ப்பகுதி வெறும் குச்சியாக நிற்கும், பெரிய பூ மழையில் ஊறித் தலை கவிழும். நமக்கு வேண்டியது இரண்டு, இரண்டரை அடிக்கு மேல் போகாமல், அடர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும் குட்டை ரகம். புளோரிபண்டா என்று கேட்டால் கொடுப்பார்கள். சிவப்பில் பெயர்பெற்றது 'ட்ரம்பெட்டர்'. செம்மஞ்சள் கலந்த சிவப்பு, வாசம் குறைவு, பூ பல நாள் நிற்கும். இதை உருவாக்கிய சாம் மெக்ரெடியின் குடும்பம் வட அயர்லாந்தில் பரம்பரையாக ரோசா வளர்த்தது. அங்கே கலவரம் மிக மோசமாக இருந்த 1972இல் அவர் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். இந்த ரோசா 1977இல் அங்கிருந்து வந்தது. லூயி ஆம்ஸ்ட்ரோங்கின் பட்டப்பெயரான 'சாட்ச்மோ' என்ற பெயருள்ள ரோசா அதன் தாய்ச்செடிகளில் ஒன்று. அவர் எக்காளம் வாசித்தவர், ஆகவே பிள்ளைக்கும் எக்காளக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடையில் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பூத்திருக்கும் செடியாகப் பார்த்து, ஒரு காம்பில் ஐந்தாறு மொட்டு இருக்கிறதா, அடியிலிருந்தே கிளை பிரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனி மண். தேயிலை புளித்த மண்ணை விரும்பும் பயிர். அமில அளவு 4.5இலிருந்து 5.5 வரை அதற்குச் சுகம். ரோசாவுக்கு 6, 6.5 வேண்டும். தேயிலைக்கு நல்ல மண்ணில் ரோசா மஞ்சளித்து நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம், நாமோ உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் போடுகிறோம். கவ்வாத்து வெட்டிய மலைக்குப் போடுகிற அதே டொலமைட்டில் இரண்டு கைப்பிடியை ஒரு குழிக்கு எடுத்து, நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மண்ணோடு கலந்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் அடுப்புச் சாம்பல். அது புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியமும் தரும். மாதம் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். தேத்தண்ணிச் சக்கையை அப்படியே செடியடியில் கொட்டும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதைச் சாணத்தோடு மக்கவைத்துப் போடுவது நல்லது.

தோட்டத்துத் தேயிலை உரம் ஒரு பிடி கிடைத்தால் ரோசாவுக்குப் போடத் தோன்றும். இலையை வளர்ப்பதற்கான கலவை அது, நைதரசன் தூக்கலாக இருக்கும். செடி தளதளவென்று இலை விடும், பூ விடாது, மென்மையான அந்த இலையில் நோயும் வரும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது மாட்டெருவுக்குத் திரும்பிய வீடுகள் உண்டு. ரோசா விடயத்தில் அதில் நட்டம் எதுவும் இல்லை. ஆறு மாதம் மக்கிய எரு செடிக்கு ஒரு வாளி, வருடத்தில் இரண்டு தடவை போதும்.

மலையகத்தில் ரோசாவைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான். வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கினால் ஹட்டன் பக்கம் இலை காய்வதே அபூர்வம். கரும்புள்ளி நோயின் பூஞ்சண வித்து முளைக்க ஏழெட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஈரமாக இருக்கும் இலை போதும். ஆகவே பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி, சரிவின் கீழ்ப்பக்கம் கல் அடுக்குங்கள். கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் விழும் கோட்டுக்குள் நடவே கூடாது. பெரும்பாலான லயத்து ரோசாக்கள் சாவது அந்தக் கோட்டில்தான். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடவேண்டும். பிற்பகலில் மலையில் மூட்டம் வந்துவிடும் என்பதால் காலை வெயில் விழும் பக்கமே தேவை. புள்ளி விழுந்த இலையைப் பொறுக்கி அடுப்பில் போடுங்கள். அழுக்கணவன் மொய்த்தால் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து அடுத்த நாள் கழுவிவிட்டால் போதும்.

இன்னொன்று. புது இலைகள் நூல்போல ஒடுங்கி, கொத்தாகச் சுருண்டு வந்தால் அதை நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். பக்கத்து மலையில் அடித்த களைநாசினி காற்றில் வந்ததன் அடையாளம் அப்படித்தான் இருக்கும். பாதித்த கிளையை அடியோடு வெட்டிப் பொறுத்திருங்கள். பிள்ளைகள் விளையாடும் வாசல்வரை அந்தக் காற்று வருகிறது என்பதையும் செடி காட்டுகிறது, அதைத் தலைவரிடமும் துரையிடமும் சொல்வதற்கு ரோசா ஒரு சாட்சி.

கவ்வாத்தைப் பற்றித் தேயிலைத் தொழிலாளிக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சாய்வாக, ஒரே வீச்சில், தண்டு பிளக்காமல் வெட்டத் தெரிந்த கை அது. வித்தியாசம் இரண்டுதான். தேயிலையை மேசைபோல மட்டமாக வெட்டுகிறோம். ரோசாவின் நடுவைத் திறந்து கிண்ணம்போல விடவேண்டும், வெளிப்பக்கம் பார்க்கும் மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டவேண்டும். மலைநாட்டில் தேயிலைக்குக் கவ்வாத்து நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை, ரோசாவுக்கு வருடாவருடம். செத்த குச்சி, குறுக்கே ஓடும் குச்சி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உயரத்தில் பாதியை வைத்தால் சரி.

நாளும் முக்கியம். நுவரெலியாவில் ஜனவரியிலும் பெப்ரவரி தொடக்கத்திலும் சில இரவுகளில் உறைபனி விழும், புதுக் குருத்து கருகும். உயரத்தில் இருப்பவர்கள் பெப்ரவரி முதல் வாரத்தில் வெட்டினால், குளிரில் எட்டொன்பது வாரம் எடுத்து, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பூக்கும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் மலர்க்கண்காட்சி நடக்கும் காலமும் அதுதான். தாழ்வான ஹட்டன், கொட்டகலைப் பக்கம் தைப்பொங்கல் முடிந்ததும் வெட்டலாம். பிறகு வாடிய கொத்தை அவ்வப்போது ஐந்து சிற்றிலை உள்ள இலைவரை வெட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த கொத்து வரும்.

வன்னியில் இருந்து இதை வாசிப்பவர்களில் பலருடைய வேர் மலையகத்தில் இருக்கிறது. 1977இலும் 1983இலும் அடிவாங்கி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போனவர்கள், அங்கேயும் போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்கள். உறவுகளைப் பார்க்க மேலே வந்து திரும்பும்போது ஈரக் கடதாசியில் நாலு ரோசாக் குச்சியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிப்பில் ஆறங்குலக் குச்சி, மேலே இரண்டு இலை விட்டு, ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த கலவையில் மூன்றில் இரண்டு பங்கு புதைத்து, வெட்டிய பிளாஸ்டிக் போத்தலால் மூடினால் ஆறு, எட்டு வாரத்தில் வேர் விடும். அங்கே பிற்பகல் நிழல் விழும் இடத்தில் நடுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் டொலமைட்டும் சாம்பலும் வேண்டவே வேண்டாம். நவம்பர் இறுதியில் இலேசாக வெட்டினால் பொங்கலுக்குப் பூக்கும். பூ மலையில் இருப்பதைவிடச் சிறியதாகத்தான் இருக்கும்.

லயத்திலிருந்து புது வீட்டுக்கு வாளியோடு போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பல வருடம் வாளியில் இருந்த செடியின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படியே புதைத்தால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிக்கொண்டே இருக்கும், வெளியே போகாது. முதல்நாள் தண்ணீர் விட்டு, செடியைப் பாதியாக வெட்டி, வாளியைக் கிழித்து எடுத்து, வேர்ப்பந்தின் பக்கங்களில் மூன்று நான்கு இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். மழை தொடங்கும் நேரத்தில் நட்டால் இரண்டாம் மாதம் அடியிலிருந்து செந்நிறத்தில் புதுக் குருத்து வரும்.