பொடியும் தடுப்பு நீரும்: வீட்டில் கரைக்கப்படும் ஊசிமருந்துகளின் ஆபத்தும் சட்டப் பாதுகாப்பும்

பலமுறை திறந்து பயன்படுத்தப்படும் மருந்துக் கலனில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் போதிய அளவில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்ற கேள்வி, 2023ஆம் ஆண்டில் செங்கல்பட்டு மாவட்டத்தின் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது. திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டையில் உள்ள குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் தயாரித்து, எஸ்ரிகேர் உள்ளிட்ட பெயர்களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட கண் சொட்டுமருந்தை, பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியாவின் தொற்றோடு அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. நால்வர் இறந்தனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரியில் நிறுவனம் சரக்கைத் திரும்பப் பெற்றது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்று தெரிவித்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமோ, போதிய பாதுகாப்புப் பொருள் சேர்க்காமல் பலமுறை பயன்படுத்தும் குப்பிகளில் அம்மருந்தை அடைத்ததை நிறுவனத்தின் குறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது. உரிமமும் ஆய்வகமும் கண்காணிப்பும் உள்ள ஓர் ஆலையின் மீதே இத்தகைய குறை சுமத்தப்பட முடியுமானால், இணையத்தில் வாங்கிய பெப்டைடுப் பொடியைச் சமையலறை மேடையில் வைத்து நீர் ஊற்றிக் கரைத்து, அதே குப்பியிலிருந்து வாரக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவாகும் சிறு மூலக்கூறு. 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலினும் இவ்வகையைச் சேர்ந்ததே. நீரில் கரைந்த நிலையில் இவற்றுள் பல விரைவில் சிதைந்துவிடுவதால், கரைசலை உறையவைத்து வெற்றிடத்தில் ஈரத்தை நீக்கும் உறைநிலை உலர்த்தல் என்னும் முறையில் பொடியாக்கி, பயன்படுத்தும் நேரத்தில் மீண்டும் கரைக்கின்றனர். கரைப்பதற்கு இரண்டு வகை நீர் உண்டு. இந்திய மருந்துக் கடைகளில் சிறு ஆம்பியூல்களில் கிடைக்கும் ஊசிக்கான நீரில் பாதுகாப்புப் பொருள் எதுவும் இல்லை என்பதால், அதை ஒருமுறை திறந்ததும் பயன்படுத்தி மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பாக்டீரியோஸ்டேடிக் வாட்டர் எனப்படும் தடுப்பு நீரில் 0.9 விழுக்காடு பென்சைல் ஆல்கஹால் சேர்க்கப்பட்டிருப்பதால், ஒரே குப்பியிலிருந்து பலமுறை எடுக்கலாம். ஆனாலும் முதன்முறை ஊசி நுழைந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் அதைக் கழித்துவிட வேண்டும் என்பதே மருத்துவமனைகளின் பொது நெறி. இந்த ஆல்கஹால் பாக்டீரியாவின் பெருக்கத்தைத் தடுக்குமேயொழிய, ஏற்கெனவே உள்ள கிருமிகளை முழுதாகக் கொல்லாது. ஒருவர் ஊசி நுழைத்த குப்பியை மற்றவரும் பகிர்ந்தால் பரவக்கூடிய ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கு எதிராக அதை நம்பவே முடியாது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் செவிலியர்களின் ஒழுங்கு இங்கே எண்ணத்தக்கது. பிசிஜி, தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசிகளும் பொடியாகவே வருகின்றன. அந்தந்த உற்பத்தியாளர் உடன் அனுப்பும் கரைப்பானை மட்டுமே சேர்த்து, கரைத்த நேரத்தைக் குப்பியின் மேல் எழுதி, நான்கு மணி நேரம் கடந்ததும் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் அவர்கள் ஒதுக்கிவிடுகின்றனர். சமோவா தீவில் 2018ஆம் ஆண்டு, கரைப்பானுக்குப் பதில் தவறுதலாகத் தசைத் தளர்வு மருந்து கலக்கப்பட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பயிற்சி பெற்ற செவிலியர் கையிலேயே அது நிகழ்ந்தது.

மருத்துவர் எழுதித்தரும் ஊசிமருந்துகளிலும் பொடியாக வருபவை உண்டு. குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கான ஹெச்சிஜி அவற்றுள் ஒன்று. அதற்குரிய கரைப்பானும் கரைக்கும் குறிப்பும் பெட்டிக்குள்ளேயே இருக்கும். உடல் எடைக் குறைப்புக்கென இந்தியாவில் 2025 மார்ச்சில் விற்பனைக்கு வந்த டிர்செபடைடும், அதே ஆண்டு ஜூனில் வந்த வீகோவி என்னும் செமாகுளூடைடும் ஆயத்தக் கரைசலாகவே தரப்பட்டன. ஆகவே இவற்றின் பெயரைச் சொல்லி உலர்பொடிக் குப்பி விற்கப்படுமானால், அதுவே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. தசைக் காயம் ஆற்றும் என்று உடற்பயிற்சியாளர்களிடையே பேசப்படும் பிபிசி–157 இன்னும் ஒரு படி கீழே நிற்கிறது: மனிதரிடம் போதிய ஆய்வு நடக்காத அப்பொருளை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் தடை செய்திருப்பதால், மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளில் பயிலும் அலைச்சறுக்கு வீரர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டால் உடல்நலத்தோடு போட்டி வாழ்வையும் பணயம் வைக்கிறார்.

இத்தகைய பொடிகளுடன் 99 விழுக்காடு தூய்மை என்ற சான்றிதழ் தரப்படுவதுண்டு. அந்த எண், பொடியில் உள்ள பெப்டைடில் எவ்வளவு பங்கு உரிய மூலக்கூறு என்பதைக் கூறலாம். குப்பி கிருமியற்றதா, இறந்த பாக்டீரியாக்களின் சுவரிலிருந்து வெளியாகி வெப்பத்துக்கும் அழியாமல் காய்ச்சலையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்கும் எண்டோடாக்சின் என்னும் நச்சு அதில் உண்டா என்பதைக் கூறாது. சித்திரை, வைகாசி வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்த பொடியின் நிலையை எந்தச் சான்றிதழும் கூற இயலாது.

அளவில் நேரும் பிழை இதைவிடக் கவனத்துக்குரியது. இந்தியாவில் அது நேர வாய்ப்பும் கூடுதல். வெளிநாட்டவர் எழுதிய அளவுக் குறிப்புகள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு கோடுகள் கொண்ட இன்சுலின் சிரிஞ்சை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை; இங்கோ ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு காட்டும் சிவப்பு மூடிச் சிரிஞ்சும் பரவலாக விற்கப்படுகிறது. முந்தையதில் 10 கோடு என்பது 0.1 மில்லிலிட்டர், பிந்தையதில் அதே 10 கோடு 0.25 மில்லிலிட்டர். குறிப்பை எழுத்துப் பிசகாமல் பின்பற்றியவரே இரண்டரை மடங்கு மருந்தை உடலில் செலுத்திக்கொள்வார் என்பது எவ்வளவு கொடுமை!

பென்சைல் ஆல்கஹாலும் எல்லோருக்கும் தீங்கற்றதன்று. அது கலந்த கரைசல்களால் குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததை அடுத்து, 1982ஆம் ஆண்டு அமெரிக்கா எச்சரிக்கை வெளியிட்டது; பச்சிளங்குழந்தைகளுக்குத் தடுப்பு நீரைப் பயன்படுத்தலாகாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், உடலின் அமைப்பையோ செயலையோ மாற்றும் நோக்கில் தரப்படும் பொருட்களை மருந்து என்ற வரையறைக்குள் கொண்டுவர வழி செய்கிறது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிள் ஒட்டிவிட்டு, எத்தனை கோடு போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் சொல்லித்தரும் விற்பனையாளர் தன் நோக்கத்தைத் தானே வெளிப்படுத்திவிடுகிறார். உரிமமின்றி மருந்து விற்பவருக்கு 27ஆம் பிரிவு 3 முதல் 5 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. போலி அல்லது கலப்பட மருந்தால் மரணமோ கொடுங்காயமோ நேர்ந்தால், 10 ஆண்டுக்குக் குறையாத சிறை முதல் ஆயுள் சிறை வரையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அந்த அபராதம் பாதிக்கப்பட்டவருக்கு அல்லது அவர் உறவினருக்குச் சேர வேண்டியது.

இச்சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் உரிமையைப் பலர் அறிவதில்லை. மருந்தை வாங்கிய எவரும், உரிய கட்டணம் செலுத்தி, அதை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறலாம். இதற்காகவேனும் சந்தேகத்துக்குரிய குப்பியைத் தூக்கி எறியாமல், மீதி உள்ள திறக்காத குப்பிகளோடு குளிர்பதனப் பெட்டியில் தனியே வைத்து, பில், பணம் செலுத்திய பதிவு, கூரியர் உறை, உரையாடல்கள் ஆகியவற்றையும் காத்துக்கொள்வது நல்லது. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கிச் சுடுமானால், அல்லது குளிர்காய்ச்சலோ மூச்சுத் திணறலோ மயக்கமோ வருமானால், 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனையை அடைந்து, வெட்கமோ அச்சமோ இன்றிப் போட்டுக்கொண்டது இன்னதென்று மருத்துவரிடம் கூற வேண்டும். அதை மறைப்பதால் சிகிச்சைதான் தாமதமாகும். பக்கவிளைவைப் பாதிக்கப்பட்டவரே 1800-180-3024 என்னும் தேசிய மருந்துக் கண்காணிப்பு எண்ணில் பதிவு செய்யலாம்.

இழப்பீடு கோருவோருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கும் வசதியைத் தந்துள்ளது. ஆதலால் மாமல்லபுரத்தில் வசிப்பவர் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே நாடலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை; வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு சேர வேண்டும்; வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம்; 1915 என்ற எண்ணில் தொடக்க வழிகாட்டுதல் கிடைக்கும்.