விசை சொல்லும் இலக்கம்

1981ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆந் திகதி ஐ. பி. எம். நிறுவனத்தார் தமது தனியாள் கணினியை உலகிற்கு அறிமுகஞ் செய்தனர். அதனோடு வந்த விசைப்பலகையில் 83 விசைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் எழுத்தறியாது என்றாற் பலர் வியப்படைவர். ஆங்கில ‘ஏ’ பொறித்த விசையை நாம் அழுத்தும்போது, பலகையினுள்ளே இருக்கும் 8048 என்னுஞ் சிறு சில்லு கணினிக்கு அனுப்புவது அவ்வெழுத்தையன்று. 30 என்னும் இலக்கத்தையே. விரலை எடுத்தவுடன் 128ஐக் கூட்டி, 158 என்று மற்றுமோர் இலக்கத்தை அனுப்புகிறது. அழுத்தியதும் விட்டதுமன்றி அதற்கு வேறொன்றுந் தெரியாது.

ஏன் இந்தச் சுற்றுவழி என்று மாணவர்கள் கேட்கக்கூடும். தட்டெழுத்துப் பொறியிலே பேரெழுத்து விசையைத் தாழ்த்தினால் பொறியின் உறுப்பே அசைந்து எழுத்தை மாற்றிவிடும். கணினியிலோ அசைவதற்கு ஒன்றுமில்லை. இடப்பக்கத்துப் பேரெழுத்து விசையின் இலக்கம் 42. அது வந்தபின் 170 வாராதிருக்கும்வரை விரல் அவ்விசையின்மீது இருக்கிறதென்று பொருள். அவ்வேளையில் 30 வந்தாற் பேரெழுத்து, இல்லையேற் சிற்றெழுத்து. இக்கணக்கைப் பார்ப்பது, கணினியிலே நிலையாகப் பதிந்துள்ள பயோஸ் என்னுஞ் செய்நிரல். அது எழுத்தின் குறியையும் விசையின் இலக்கத்தையும் இணைத்து ஒரு சிறு வரிசையிலே வைக்கும். அவ்வரிசை 15 விசைகளையே தாங்கும். மேலுந் தட்டினாற் கணினி ‘பீப்’ என்று ஒலித்து மறுத்துவிடும். வேகமாகத் தட்டியவர்கள் இவ்வொலியை நன்கறிவர்.

எழுத்தில்லாத விசைகளே செய்நிரல் எழுதுவோரைப் பெரிதும் அலைக்கழித்தன. அம்புக்குறி விசைக்கு எழுத்துக்குறி ஏது? ஆகவே அவ்விடத்திலே பூச்சியம் வைக்கப்பட்டது. 1987இல் வெளிவந்த டேர்போ பாஸ்கல் 4ஆம் பதிப்பிலே ‘ரீட்கீ’ என்னுங் கட்டளையால் அவ்விசையைப் படிப்போர்க்கு முதலிற் பூச்சியங் கிடைக்கும்; மறுமுறை படித்தால் விசையின் இலக்கங் கிடைக்கும். மேல் அம்புக்கு 72, கீழ் அம்புக்கு 80, இட அம்புக்கு 75, வல அம்புக்கு 77. இங்கேதான் வலை விரிந்திருக்கிறது. ஆங்கிலப் பேரெழுத்து ‘எச்’சின் குறியும் 72 அன்றோ! பூச்சியத்தைக் கவனியாத செய்நிரல், அம்பை அழுத்தியவர் ‘எச்’ தட்டினாரென்றே கொள்ளும். பிழை திருத்த மேல்வரிக்குச் செல்ல முயன்றவரின் பெயரோடு ஓர் ‘எச்’ ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்க முயன்றால் ‘பி’, இடத்திற்குச் சென்றால் ‘கே’, வலத்திற்கு ‘எம்’. பாவம், மாணவன் விசைப்பலகை பழுதென்று ஐயுறுவான். வேறு பலகை பொருத்திப் பார்ப்பான். ‘எச்’ மீண்டும் வரும். ‘வந்தது பூச்சியமா?’ என்னும் ஒரு வரி வினாவைச் செய்நிரலிற் சேர்த்தால் யாவுஞ் சீராகும்.

விசைக்கு எழுத்தறிவில்லாமை நம் மொழிக்கு நன்மையே ஆயிற்று. இலக்கம் இடத்தை மாத்திரங் குறிப்பதால், அவ்விடத்திற்கு எவ்வெழுத்தைக் கொடுப்பது என்பது செய்நிரலின் பொறுப்பு. பலகையை உடைத்துச் செய்யவேண்டியதில்லை. அட்டவணையை மாற்றினாற் போதும். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ முறையிலே, அந்தப் பழைய பலகையின் கணக்கில் 30ஆம் விசை ‘அ’வைத் தரும். ஆங்கில ‘எச்’ பொறித்த 35ஆம் விசை ‘க’வைத் தரும். அதையடுத்து 33ஆம் விசையைத் தட்டினாற் புள்ளி ஏறி, ‘க்’ திரையிலே தோன்றும்.