உடலைத் தின்ற முகம்

சிவாலயங்களிலே உற்சவ மூர்த்திகளின் பின்னே அமைந்த திருவாசியின் உச்சியை ஊன்றி நோக்கியோர் சிலரே. தீபாராதனை காட்டும்போது நம் கண்கள் மூர்த்தியின் திருமுகத்திலே நிலைத்துவிடும். அதற்கு மேலே, வளைவின் நடுவில், பிதுங்கிய கண்களும் கோரைப் பற்களும் சுருண்ட கொம்புகளுமாக இன்னொரு முகம் நம்மையே பார்த்துக்கொண்டிருப்பது கவனத்துக்கு வருவதில்லை. அம்முகத்துக்குக் கழுத்தில்லை, உடலுமில்லை. விமானத்துக் கூடுகளின் மேலும் சுவர்க் கோட்டங்களின் தோரணங்களிலும் அதனைக் காணலாம். நம் நாட்டு விகாரைகளின் மகர தோரணங்களிலே, இரு மகரங்களுக்கு நடுவே வாய்திறந்து நிற்பதும் அதுவே. சிங்களக் கம்மியர் அதனைக் 'கிபிஹி மூண' என்பர். வடமொழி வழக்கில் அதன் பெயர் கீர்த்திமுகம்.

அருளே வடிவான இறைவனின் தலைக்கு மேல் இக் கோரமுகம் எதற்கு? மாணவன் ஒருவன் இவ்வாறு வினவுவானாயின் அவனுக்கு மூன்று விடைகளுள் ஒன்று கிடைக்கும். அழகுக்கு என்பது ஒன்று. கண்ணூறு கழிப்பதற்கு என்பது மற்றொன்று. தீமையை அழிக்கும் ஆற்றலின் சின்னம் என்பது பரீட்சைக் குறிப்புகளுக்கே உரிய விடை. தாமரையென்றால் தூய்மை, மகரமென்றால் நீர், சிங்கமென்றால் வீரம் என்று இரண்டு நிரல்களாக எழுதி மனனஞ் செய்யும் பழக்கத்தால், சிற்பத்தைப் பார்க்கவேண்டிய தேவையே நம் மாணவருக்கு இல்லாமற் போய்விட்டது.

நான்காவதாக ஒரு விடையைப் புராணம் தருகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் படனஞ் செய்யப்பெறும் கச்சியப்பரின் நூலை இங்கு நான் குறிக்கவில்லை. வடமொழி ஸ்காந்தத்திலும் சிவமகாபுராணத்திலும் வரும் கதை இது. சலந்தரன் என்னும் அசுரன் உலகங்களை வென்ற செருக்கினால், உமாதேவியைத் தனக்குத் தருமாறு கேட்டு இராகுவைக் கயிலைக்குத் தூதனுப்பினான். அச்சொல்லைக் கேட்டதும் பெருமானின் புருவநடுவிலிருந்து, சிங்கமுகமும் வற்றிய உடலும் தொங்கும் நாவும் உடைய ஒரு பூதம் முழங்கிக்கொண்டு வெளிப்பட்டது. இராகு ஓடினான், பிடிபட்டான், பெருமானையே சரணடைந்தான். தூதனை விட்டுவிடு என்று ஆணை பிறந்தது. பூதமோ, பசிக்கின்றதே, எனக்கு உணவு யாது என்று கேட்டது. உன் கைகால்களின் தசையையே உண்பாயாக என்றார் பெருமான். பூதம் அவ்வாறே தொடங்கிற்று. கை, கால், வயிறு, மார்பு என யாவும் தீர்ந்து தலை மட்டும் எஞ்சியது. அக்கீழ்ப்படிவைக் கண்டு மகிழ்ந்த பெருமான் அதற்குக் கீர்த்திமுகம் எனப் பெயரிட்டு, என் வாயிலில் நில், உன்னை வழிபடாதார் செய்யும் வழிபாடு எனக்காகாது என வரமளித்தார்.

இக்கதையிலே தூதனாக வந்த இராகுவும் உடலற்ற தலையே என்பதை நோக்குக. ஒரு தலையை உண்ணப் பிறந்தது, தானும் தலையாகி நின்றது. இப்பொருத்தம் தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை.

ஆயின், இக்கதையை வைத்துக்கொண்டு சிற்பி அம்முகத்தைச் செதுக்கினான் என்று கொள்ளலாமா? காலம் இடந்தரவில்லை. குப்தர் காலச் சிற்பத்திலும் அசந்தாக் குகைகளிலும் இம்முகம் ஏற்கனவே வந்துவிட்டது. கதை இடம்பெறும் புராணப் பகுதிகளோ அதற்குப் பிற்பட்டவையென்றே அறிஞர் பலர் கொள்வர். தமிழகத்துக் கோயில்களிலே இதன் வளர்ச்சியைப் படிப்படியாகக் காணலாம். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்பொருள் நூலிலே, கூட்டின் உச்சியைக் கொண்டே கோயிலின் காலத்தை மதிப்பிடலாம் எனக் காட்டினார். மாமல்லபுரத்திலே அவ்வுச்சி மண்வெட்டியின் அலகுபோலத் தட்டையாக இருக்கிறது. சோழர் காலத்திலே அதே இடத்திற் சிங்கமுகம் அமர்ந்துவிடுகிறது. வளைவு முடியும் இடத்துக்கு ஒரு முடிச்சு வேண்டும், அம்முடிச்சு முகமாயிற்று. முகத்தின் கீழே வளைவு தொடங்கிவிடுவதால் உடலுக்கு அங்கே இடமில்லை. சிற்பி விட்ட அவ்வெற்றிடத்தைப் பார்த்து, உடல் எங்கே போயிற்று என்று வினவியவன் கதைசொல்லி. தானே தின்றுவிட்டது என்ற மறுமொழியும் அவனுடையதே. இது என் துணிபு.

உருவம் முன்னும் கதை பின்னுமாக வருவதற்குச் சீன தேசத்திலே இதனினுந் தெளிவான சான்றுண்டு. ஷாங் வமிசத்து வெண்கலப் பாத்திரங்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. முன்னோர் வழிபாட்டில் உணவும் மதுவும் படைக்கப் பயன்பட்டவை. அவற்றின் வயிற்றிலே இரு பெருங்கண்களும் கொம்புகளுமுடைய ஒரு முகம் காணப்படும். பெரும்பாலும் அதற்குக் கீழ்த்தாடை இல்லை. அம்மக்கள் அதனை எப்பெயரால் அழைத்தனர் என்பதற்கு ஒரு சொல்லும் எஞ்சவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, கி. மு. 239 அளவில் லூ பூவெய் என்னும் அமைச்சர் தொகுப்பித்த நூல், பழைய பாத்திரங்களிலுள்ள 'தாவ்தியே' என்னும் பேருண்டியைப் பற்றிக் கூறுகிறது. அதற்குத் தலையுண்டு, உடலில்லை. மனிதரைத் தின்னப் புகுந்து, விழுங்குமுன்னரே தன் உடலுக்குக் கேடு தேடிக்கொண்டது என்பது அந்நூலின் விளக்கம். கயிலைக் கதையை அறியாத நாட்டில், உடலில்லாத முகத்தைக் கண்டு பிறந்த விளக்கமும் பசியையும் தற்கேட்டையுமே கூறுகிறது! பின்னர், சொங் வமிசக் காலத்துப் பழம்பொருள் ஆய்வாளரே அப்பெயரை ஷாங் முகங்களுக்குச் சூட்டினர்.

மாக்ஸ் லோர் என்னும் கலை வரலாற்றாசிரியர் 1953இல் இப்பாத்திரங்களை ஐந்து பாணிகளாக வரிசைப்படுத்தினார். முதற்பாணியில் மெல்லிய கோடுகளும் அவற்றிடையே கண்களுமே உள்ளன. முகம் பின்னரே திரண்டு வருகிறது. அவர் வகுத்த வரிசையைப் பிந்திய அகழ்வாய்வுகளும் உறுதிசெய்தன. இதிலிருந்து அவர், இவ்வுருவங்கள் வெறும் அலங்காரமே, பொருள் ஒன்றுமில்லை என்ற முடிபுக்குச் சென்றார். வரிசையை ஏற்கலாம், முடிபை ஏற்பது எனக்கு அரிதாயிருக்கிறது. கோட்டிலிருந்து பிறந்த முகம் ஆயினும், பிறந்தபின் அது பார்க்கிறது. முன்னோருக்குப் படைக்கும் உணவுக் கலத்திலே ஒரு முகம் எதிரே நின்று பார்ப்பதை, வழிபட்டவர் வெறும் கோடாகக் கண்டிருப்பாரா? கதை பிந்தியது என்பதால் அது பொய்யாகிவிடாது. உருவத்தை ஊன்றிப் பார்த்தவர் ஒருவரின் வாசிப்பு அது. கீர்த்திமுகக் கதையைச் சொன்னவன் நம் பரீட்சைக் குறிப்பாசிரியரைவிட நன்றாகப் பார்த்தவன்.

அவனும் காணாமல் விட்டது ஒன்றுண்டு. இம்முகத்தின் வாயிலிருந்து கொடிகளும் முத்துச் சரங்களும் தொங்கும். அவற்றை அது விழுங்குகிறதா, உமிழ்கிறதா? எந்தத் தோரணத்தின் முன் நின்று பார்த்தாலும் இதற்கு ஒரே விடை கிடைப்பதில்லை. பசியே வடிவான வாயிலிருந்து பூங்கொடி இறங்குவது புராணக் கதைக்குள் அடங்கவில்லை. பௌத்த விகாரைகளிலோ அக்கதைக்கே இடமில்லை. அங்கும் முகம் இருக்கிறது, கொடியும் இருக்கிறது. சாத்திரப் பெயர் தெரிந்துவிட்டால் இவ்வினாவைக் கேட்கவே நாம் மறந்துவிடுகிறோம். இவ்வினாவோடு மாணவரைத் தோரணத்தின் முன் நிறுத்தும் ஆசிரியர், விடையெதுவும் கூறாமலே அவர்களைப் பார்க்க வைத்துவிடலாம்.

சாவகத்தில் இதற்குக் காலன் எனப் பெயர். கலசன் என்னும் ஊரிலே தாராதேவிக்கு ஆலயம் எடுத்த செய்தியைக் கூறும் கல்வெட்டு கி. பி. 778ஆம் ஆண்டுக்குரியது. இன்று அங்கு நிற்கும் ஆலயத்தின் தென்வாயிலுக்கு மேலே உள்ள காலமுகம் மிகப் பெரிது. போரோபுதூரின் வாயில்களிலும் இம்முகமே உள்ளது. பிற்காலத்துக் கிழக்குச் சாவகச் சிற்பிகள் அதற்குக் கீழ்த்தாடையும் கொடுத்து முகத்தை நிறைவு செய்தனர். நடுச் சாவகத்து முகங்களுக்குக் கீழ்த்தாடை இல்லை. மேல்வரிசைப் பற்களோடு முகம் நின்றுவிடுகிறது. அதன் கீழே, தாடை இருக்கவேண்டிய இடத்தில், கோயிலின் வாசல் திறந்திருக்கிறது.